முதல் கார், அதுவும் பழைய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-இல் திருச்சியில் 2009 மாடல் வேகன்ஆர் ஒன்று வாங்கினேன். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரிடமும் கார் இருந்ததில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடாக இருந்த நேரம். காரைப் பற்றி எனக்கு ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. தெரியாமல் வாங்கியதால் பட்டதையும், அப்புறம் மெக்கானிக் பக்கத்தில் நின்று கற்றதையும் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன். ஒன்றிலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், 10 முதல் 18 வயதான கார் ஒன்றைத் தமிழ்நாட்டில் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கானது இது.

கையில் 2 லட்சம் இருக்கிறது. எவ்வளவுக்கு வண்டி பார்க்கலாம்?

ஒன்றரை லட்சத்துக்குப் பாருங்கள். மீதி 50 ஆயிரத்தை இல்லாத பணமாக நினைத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பழைய வண்டியை விற்கிறவர் பெரும்பாலும் ஒரு பெரிய செலவு வரப்போகிற நேரத்தில்தான் விற்கிறார். டயர் தேய்ந்திருக்கும், பேட்டரி முடியும் நிலையில் இருக்கும், பெல்ட் மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கும். முதல் ஆறு மாதத்தில் இதெல்லாம் வரிசை கட்டி வரும்.

நான் இருந்த பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்தேன். மூன்றாவது மாதம் கிளட்ச் போனபோது மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் மாற்றினேன். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒதுக்கீட்டை மட்டும் மறக்காதீர்கள்.

எந்த மாடல் நல்லது?

"எந்த மாடல்" என்பதைவிட "எதற்கு உங்கள் ஊரில் ஸ்பேர் கிடைக்கும்" என்று கேளுங்கள். மாருதி 800 1983 டிசம்பரிலிருந்து 2014 தொடக்கம் வரை வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிய வண்டி என்பதால் தாலுகா ஊரில்கூட அதற்குப் பொருள் கிடைக்கும், அதைப் பிரிக்கத் தெரிந்த கை கிடைக்கும். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், அப்புறம் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ, ஐ10 எல்லாம் இதே வகைதான். முதல் வண்டிக்கு இவற்றைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டிகள் அதே பணத்துக்குப் பெரியதாக, சொகுசாகக் கிடைக்கும். ஷெவர்லே விற்பனை 2017-இல் நின்றது. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. இரண்டிலும் அருமையான வண்டிகள் உண்டு. ஆனால் ஒரு சின்ன சென்சாருக்காக வண்டியை இரண்டு வாரம் ஷெட்டில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பொறுமை முதல் வண்டிக்காரருக்கு வேண்டாம். நாலைந்து வருடம் பழகிய பிறகு வாங்கலாம்.

பெட்ரோலா, டீசலா?

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் பெட்ரோல். பழைய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, எரிபொருள் பம்ப் என்று எது போனாலும் செலவு, வண்டி விலையில் கால் பங்கைத் தொடும். விற்பனைக்கு வரும் டீசல்களில் பல வாடகைக்கு ஓடி ஓய்ந்தவையாகவும் இருக்கும்.

புரோக்கரிடம் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் புரோக்கரிடம் மட்டும் பேசிவிட்டு வாங்காதீர்கள். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவரை நேரில் பார்க்க வேண்டும், அல்லது குறைந்தது போனிலாவது பேச வேண்டும். "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், கையெழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார்" என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். தெரிந்தவர் வீட்டு வண்டி, அவர் எந்த ஷெட்டில் விட்டார் என்பது தெரிந்த வண்டி, இருபதாயிரம் கூடுதலானாலும் அதுவே மலிவு.

பேப்பரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினைவிட முதலில் இதைப் பாருங்கள். இன்ஜின் கெட்டால் பிரித்துச் சரிசெய்யலாம். பேப்பர் கெட்டிருந்தால் எந்த மெக்கானிக்காலும் முடியாது.

வண்டி நம்பரை மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், பதிவு எந்த வருடம் வரை, இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். பாக்கி அபராதங்களை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்த்து, விற்கிறவரையே கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் சேஸிஸ் நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த நம்பர் தகட்டில் நேரடியாகப் பொறித்திருக்கும். சுற்றிலும் வெல்டிங் தடம், புதிய பெயின்ட், ஒரு எழுத்து மட்டும் கோணலாக இருப்பது எதைக் கண்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். கடன் கட்டி முடித்தாலும் அது தானாக நீங்காது. வங்கி தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.டி.ஓ.வில் நீக்க வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அது முடிந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால் முதலில் வாரிசு வழியில் படிவம் 31 கொடுத்து மகன் பெயருக்கு மாற வேண்டும். அதன் பிறகே உங்களுக்கு. இறந்தவரின் பழைய கையெழுத்துத் தாளை வைத்து மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் மாற்றத்தை மெதுவாகச் செய்துகொள்ளலாமா?

கூடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய அன்றே வேலையைத் தொடங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

இது விற்கிறவருக்கும் முக்கியம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, பதிவு மட்டும் பழையவர் பெயரிலேயே இருந்தது. "பெயர் மாற்றத்துக்கு அவசரமில்லை" என்று இழுக்கும் விற்பனையாளரிடம் இதைச் சொல்லுங்கள், மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்துவிடுவார்.

டெல்லி, கர்நாடகா வண்டி விலை குறைவாக வருகிறதே?

டெல்லியில் 10 வயது டீசலுக்கும் 15 வயது பெட்ரோலுக்கும் பல வருடமாக உள்ள கெடுபிடியால் அங்கே விலை சரிகிறது. தென்னிந்தியாவுக்கு லாரி லாரியாக வருவது அதனால்தான். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 வழி தடையில்லாச் சான்று வர வேண்டும். இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் நம் ஊர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும். முதல் வண்டியாக இதை எடுக்காதீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

காலையில் போங்கள். முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட்டிங் டிரபிளும் முதல் புகையும் ஆறிய இன்ஜினில்தான் தெரியும்.

ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ நிறத்தில் தெளிவாக இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம். டீ நிறத்தில் இருந்தால் வருடக்கணக்கில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி உள்ளே துரு ஏறியிருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். மூடியின் அடியில் மோர் கடைந்ததுபோல வெளிறிய பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. குட்டி ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் கொஞ்சம் இப்படி வருவது உண்டு. ரேடியேட்டரிலும் எண்ணெய் தெரிந்தால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத பழுது.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் ஒரு நிமிடம் வந்து நிற்பது சகஜம், சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்தால் குக்கர்போல ஆவி குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

இதெல்லாம் இன்ஜின். என்னைக் கேட்டால் அதைவிட அதிக நேரத்தை பாடிக்குக் கொடுங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போய், கதவின் கீழ்ப்பகுதி, பின்சக்கர வளைவு, ஃபெண்டர் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். தகடு உள்ள இடத்தில் பிடிக்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடவிய இடத்தில் நழுவி விழும். சின்ன உரசலுக்குப் பட்டி போட்டது குற்றமில்லை. கூரையைத் தாங்கும் தூண்களிலும், இன்ஜின் அறையின் இரு பக்கத் தகட்டிலும் வெட்டி ஒட்டிய தடம் இருந்தால்தான் பெரிய விபத்து. கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை ஓரமாக இழுத்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சட்டைப் பொத்தான் அளவில், சீரான இடைவெளியில், வட்ட வட்டமாக வரிசையாய்த் தெரியும். டிங்கரிங் ஷெட்டில் வைத்த வெல்டிங்கில் அந்த ஒழுங்கு வராது. பானெட் போல்ட்டுகளின் மூலையில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பானர் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக மிதியடியைத் தூக்கி, தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் கடலோரம் என்று உப்புக்காற்றில் நின்ற வண்டிகளில் அடித்தகடு வெளியே தெரியாமல் அரித்திருக்கும். துரு தின்ற அடித்தளத்துக்கு மருந்து கிடையாது. இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று எப்படித் தெரியும்?

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. பல வண்டிகள் கழுவி, சீட் மாற்றி, தூரத்து ஊர்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவுவார்கள், பெல்ட் சுருளின் உள் முனையை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் காய்ந்த வண்டல், ஏ.சி. போட்டவுடன் வரும் ஈரச்சாக்கு வாடை, இவையும் காட்டிக்கொடுக்கும். மூழ்கிய வண்டியில் வயரிங் உள்ளுக்குள் பச்சையாகப் பூத்து, ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் படுத்தும்.

மீட்டரில் 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

14 வயது வண்டிக்கு அது நம்ப முடியாத கணக்கு இல்லை, ஆனால் வண்டி அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருந்தால் அது 48,000 இல்லை. சர்வீஸ் புத்தகமோ பழைய பில்லோ இருந்தால் ஒப்பிடுங்கள். டயரும் ஒரு சாட்சி. பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அந்தக் கணக்கில் ஆறு வருடம் தாண்டிய டயர், தரையில் படும் மேல்பகுதி தேயாமல் நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

ரேடியோவை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். நாலாவது கியரில் 35 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறி, வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது. இதை மட்டும் நான் அன்று செய்திருந்தால் வளையல் தப்பியிருக்கும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், கடகடவென்றால் சி.வி. ஜாயின்ட் (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இணைப்பு) தேய்ந்துவிட்டது. வேகத்தடையில் டொக் என்று கேட்டால் புஷ் அல்லது ஷாக் அப்சார்பர். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு ஏ.சி.யை ஓடவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே நிறுத்தி வையுங்கள். வெப்ப முள் பாதியைத் தாண்டக் கூடாது, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்க வேண்டும். விற்கிறவர் பொறுமை இழந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டுமா?

கட்டாயம். அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் ஊர் மெக்கானிக் வேண்டாம், வண்டியை அடுத்து யாரிடம் விடப் போகிறீர்களோ அவர்தான் வேண்டும். அவர் "வேண்டாம் சார்" என்றால் ஏன் என்று வாதாடாமல் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

வாங்கிவிட்டேன். முதல் வேலை என்ன?

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். "போன மாதம்தான் மாற்றினேன்" என்று சொன்னாலும் சரி. அன்றைய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதினால், அங்கிருந்து வண்டியின் கணக்கு உங்கள் கையில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழசாகிவிட்டால் ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது கொதித்து, பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இன்னொன்று டைமிங் பெல்ட், இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். மாருதி 800, பழைய ஆல்டோ, 2010-க்கு முந்தைய வேகன்ஆர், பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் ரப்பர் பெல்ட்தான். பின்னால் வந்த மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின். பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும், பல இன்ஜின்களில் வால்வும் வளையும்.

இன்சூரன்ஸ் பழையவர் பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீடு அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி பழையவருடையது, உங்களுக்கு வராது.

மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. ஒரு லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு முழுக் காப்பீடு தேவையா என்று கேட்பார்கள். முதல் ஒரு வருடம் எடுங்கள். புதிதாக ஓட்டுகிறவர் இடிப்பதும் உரசுவதும் அந்த வருடம்தான் அதிகம்.

15 வருடம் முடியப்போகும் வண்டியை வாங்கலாமா?

தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். மக்கள் இதை எஃப்.சி. என்றே சொல்வார்கள். கட்டணம் 5,000 ரூபாய், 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025-இலிருந்து 10,000. பசுமை வரி தனி. இதோடு டிங்கரிங், லைட், டயர் என்று வண்டியைத் தயார் செய்யும் செலவுதான் பெரிது.

என் சிபாரிசு, எஃப்.சி. முடித்துப் புதிதாக ஐந்து வருடம் வாங்கிய வண்டியைப் பாருங்கள். ஒரு அதிகாரி பார்த்துத் தேற்றிய வண்டி அது, அடுத்த ஐந்து வருடத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. எங்கள் வேகன்ஆருக்கு 2024-இல் முடித்தேன். இரண்டு வாரம், நாலு நடை. 2029 வரை ஓடும்.

வெயில் காலத்தில் ஹீட் ஆகிறது. என்ன செய்வது?

இதைப் பட்டே கற்றேன். வாங்கிய இரண்டாவது மாதம், மே மாத மத்தியானம், அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து மதுரைக்குப் போனோம். விராலிமலை தாண்டியதும் ஏ.சி. காற்று வெதுவெதுப்பாக மாறியது. முள்ளைப் பார்த்தால் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன், கை நேராக ரேடியேட்டர் மூடிக்குப் போனது. பக்கத்தில் டயர் தட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "தம்பி, மூடியில கை வைக்காத. கொதிக்கிறது மூஞ்சில அடிக்கும்." புளியமர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அவரே குனிந்து பார்த்து, ஃபேன் மோட்டாருக்குப் போகும் சாக்கெட் கருகியிருப்பதைக் காட்டினார். நாற்பது ரூபாய்ப் பொருள். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால், உள்ளே இருந்தது டீ நிறத் தண்ணீர். விற்றவர் "கூலன்ட் எதுக்கு சார், தண்ணியே போதும்" என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் உடனே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாகப் போட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஓரம் கட்ட அந்த ஒரு நிமிடம் போதும். "அடுத்த ஊர் வரை தள்ளிப் பார்க்கலாம்" என்று ஓட்டினால் ஹெட் வளையும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திறங்கள். ஊற்றும் தண்ணீரையும் இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊருக்கு வந்ததும் ரேடியேட்டரை ஃபிளஷ் செய்து கூலன்ட் நிரப்புங்கள். ஹோஸ் பைப்புகளை விரலால் அமுக்கும்போது வெடிப்பு தெரிந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இ20 பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

பழைய வண்டிகள் 20 சதவீத எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலுக்காக வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. கவலைப்பட வேண்டியது ரப்பர் பொருள்களுக்கு. பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், பழைய கார்புரேட்டர் வண்டியில் டயஃப்ரம் ஆகியவை காய்ந்து வெடிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை பெட்ரோல் லைன் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே ஷெட்டுக்குப் போங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் தேக்கி வைக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை கால் மணி நேரம் போதும். ஆயில் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்து அளவு பாருங்கள். கூலன்ட் டப்பாவில் அளவு பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா என்று ஒரு பழைய அட்டையை அடியில் போட்டு வைத்தால் தெரிந்துவிடும். கறுப்பாக இருந்தால் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர்தான், அதற்குப் பயமில்லை. காற்று அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், ஸ்டெப்னியிலும் காற்று பிடிக்க மறக்காதீர்கள்.

ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கம்பெனி இன்னும் அதிகம் சொல்லும். வயதான இன்ஜினுக்கு மூன்று லிட்டர் ஆயிலில் கஞ்சத்தனம் செய்ய மனம் வருவதில்லை.

எந்தப் பழுதைத் தள்ளிப்போடலாம்?

பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், பெயின்ட், சீட் கவர் எல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர், கூலிங் இந்த நான்கில் எது வந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள்.

ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சிலருக்குப் பிடிக்காது. சென்னையில் புதுப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பிரித்த வண்டிப் பொருளுக்குப் புதுப்பேட்டை. கதவு, கண்ணாடி, லைட், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் பொருள்களையும் பெல்ட்டையும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் கேட்டு வாங்குங்கள். சந்தேகத்துக்காக இல்லை, எது எப்படித் தேய்கிறது என்று அதைப் பார்த்துத்தான் நான் கற்றேன்.

எப்போது வண்டியை விட்டுவிட வேண்டும்?

இன்ஜின் வேலை வந்தாலும் பாடி நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஜாக்கி வைக்கும் இடம் அமுங்கினால், சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் தகடு பொடிந்தால், அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றக் கூடாது, தெரிந்துகொண்டே இன்னொருவர் தலையில் கட்டவும் கூடாது.

அப்போதும் இரும்புக்கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும், அந்த நம்பரும் சேஸிஸ் நம்பரும் வேறு வண்டியில் ஏறலாம். அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றும் அழித்ததற்கான சான்றும் தருவார்கள். அவற்றைக் கொடுத்து ஆர்.டி.ஓ.வில் பதிவை ரத்து செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு, ரத்தாகிவிட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.